மூன்றாவது பிடி அரிசி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாவு மிஷின் வைத்திருக்கிறேன். மிளகாயும் கோதுமையும் அரைபடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. ஜெயமணி மெதுவாகப் பேசினாலும் சண்டை போடுகிற மாதிரி இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். பாதி நேரம் அது சண்டைதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர் தணிகைவேல்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். எவ்வளவு உயரக் கம்பத்தில் ஏறினாலும் இறங்கிவிடுவார். கோபத்தில் ஏறினால் மட்டும் இறங்க வழி தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பார். கடைசியாக ஏறியது எங்கள் பெண் சாந்தினி கல்யாணத்தின் போது. மூன்று வருஷமாக அங்கேதான் இருந்தார்.

மாப்பிள்ளை ஒன்றும் எங்கிருந்தோ வந்தவன் இல்லை. எங்கள் தெருக் கோடியில் இருக்கிற ஏஞ்சல் டீச்சரின் மகன் சாமுவேல். இரண்டு பேரும் ஏனாத்தூர் காலேஜில் ஒன்றாகப் படித்தார்கள். படிப்பு முடிந்து வேலைக்குப் போனார்கள். ஒருநாள் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலையை மாற்றிக்கொண்டு போட்டோவை எங்களுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அவனுக்கு நைரோபியில் ஒரு பிஸ்கெட் கம்பெனியில் எஞ்சினியர் வேலை கிடைத்து இரண்டு பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதை இவர் ஒருநாளும் குறையாகச் சொல்லவில்லை. "என்ன ஒரு வார்த்த கேக்கலியே" என்பதுதான் குறை. கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பாரா என்று நான் கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சண்டை போட்டிருந்தால் கூட எப்போதோ முடிந்திருக்கும். இவர் மரியாதையில் இறங்கிவிட்டார். போனில் சாமுவேல் "நல்லா கீறீங்களா மாமா?" என்று கேட்பான். "நல்லா கீறேன் சார்" என்பார் இவர். சொந்த மாப்பிள்ளையை சார் என்று கூப்பிடுகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மூன்று வருஷமாக நான் பார்த்தேன்.

இன்னொன்றும் செய்தார். அதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது.

புரட்டாசி சனிக்கிழமைகளில் இவர் குளித்து, நாமம் போட்டு, செம்புக்கும் நாமம் போட்டு, கழுத்தில் துளசி சுற்றி, "கோவிந்தா! கோபாலா!" என்று தெருவில் வீடு வீடாகப் போய் நிற்பார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி போடுவார்கள். அந்த அரிசியைப் பொங்கித்தான் அன்றைக்குப் பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைப்போம். எத்தனை சம்பாதித்தாலும் பெருமாளுக்கு முன்னால் கையேந்தி நிற்கிறவன்தான் என்று ஞாபகம் இருப்பதற்காக இந்த வழக்கம். எங்கள் தெருவில் இவர் முதலில் நிற்பது ஏஞ்சல் டீச்சர் வீட்டில். கதவில் சிலுவை, வாசலில் நாமம் போட்ட செம்பு. இது எங்கள் பக்கத்தில் யாருக்கும் அதிசயம் இல்லை. டீச்சர் குளித்துத் தலை முடிந்து வந்து, நல்ல அரிசியாகப் பார்த்துப் போடுவார்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் புரட்டாசியில் அந்த வாசலைத் தாண்டி நேரே நடந்துவிட்டார். வீட்டுக்கு வந்து செம்பை என்னிடம் கொடுத்தபோது, "இனிமே அந்த வூட்டு அரிசி இதுல வுழாது" என்று சொன்னார். நான் கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவருக்கு மட்டும் கேட்கவில்லை. டீச்சர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிஷினுக்கு மாவு அரைக்க வரும்போது மட்டும், "பசங்க போன் பண்ணாங்களா ஜெயமணி?" என்பார். அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இந்த வருஷம் சாந்தினி எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். காலண்டரைப் பார்க்காமல் எடுத்திருக்கிறாள், சரியாகப் புரட்டாசியில். "வரமாட்டேன்" என்றார். "அப்ப நான் மட்டும் போறேன், நீ ஓட்டல்ல துன்னு" என்றேன். மறுநாள் பார்த்தால் பெட்டியில் அவர் வேட்டிக்கு நடுவே செம்பு, நாமக்கட்டி, ஸ்ரீசூர்ணம் எல்லாம் சுற்றி வைத்திருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் சாந்தினி என்னிடம் போனில் தனியாகச் சொன்னாள்: "அம்மா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நைனா ஒரே ஒரு தபா அவர மாப்ளன்னு கூப்ட்டா போதும். அவர் வெளிய சொல்ல மாட்டாரு. ஆனா ஒவ்வொரு தபா சார்னு கேக்கசொல்ல அவர் மொகம் சுருங்கிப் போவுதும்மா."

நைரோபியில் நாங்கள் இருந்த நாட்களில் இவர் ஒருதரம் கூட அப்படிக் கூப்பிடவில்லை. சாமுவேல் இவருக்காக வீட்டில் கறி மீன் எதுவும் வாங்காமல் விட்டான். கடைகடையாக அலைந்து முருங்கைக்காய் வாங்கி வந்தான். "எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்" என்றார் இவர். எனக்குத் தட்டைத் தூக்கி அடிக்கலாமா என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களை நகுரு என்ற இடத்துக்குக் காரில் கூட்டிப் போனார்கள். பெரிய ஏரி, அதைச் சுற்றிக் காடு, காடு முழுக்க மிருகங்கள். அங்கே டென்ட் போட்டு இரண்டு ராத்திரி தங்கி ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. "அம்மாம் பெரிய வூட்ட வச்சிக்கினு இன்னாத்துக்குக் காட்ல படுக்கணும்?" என்று வழியெல்லாம் இவர் முணுமுணுத்தார். என்னிடம்தான். அவர்களிடம் மரியாதை.

காட்டின் நுழைவு கேட்டுக்குப் பக்கத்திலேயே டென்ட் போடுகிற மைதானம். மஞ்சள் பட்டை மரங்கள் உயரமாக நின்றன. எங்களுக்கு ஒரு டென்ட், அவர்களுக்கு ஒரு டென்ட். சாமுவேல் கயிறு கட்டுவதை இவர் தூரத்தில் நின்று பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கயிறோடு வேலை செய்த கை, சும்மா இருக்குமா? மெதுவாகப் போய் ஒரு முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். சாமுவேல் அடுத்த கயிற்றின் நுனியை அவரிடம் நீட்டினான். மாமனார் ஒரு முனை, மாப்பிள்ளை ஒரு முனை. ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு டென்ட்டையும் கட்டி முடித்தார்கள். சாந்தினி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "பொறு" என்றேன். முடித்ததும் இவர் கையைத் தட்டிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்றார். அவள் கையை விட்டுவிட்டாள்.

சாயங்காலம் காரில் சுற்றினோம். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, காண்டாமிருகம் எல்லாம் பார்த்தோம். ஓரிடத்தில் காட்டெருமைக் கூட்டம். "எருமையப் பாக்க ஏரோப்ளேன் ஏறி வரணுமா? நம்மூரு திருப்புலிவனத்துல இல்லாத எருமையா?" என்று இவர் சிரித்தார். அதில் ஒன்று தலையைத் தூக்கி இவரையே பார்த்தது. சத்தம் போடாமல் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். முன் சீட்டில் சாமுவேலின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறான் பாவம்.

சனிக்கிழமை காலையில் நான் எழுந்து பார்த்தபோது இவர் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு கார் கண்ணாடியைப் பார்த்து நாமம் போட்டுக்கொண்டிருந்தார். செம்பு பளபளவென்று பக்கத்தில் நின்றது. துளசி மாலைக்கு வழி இல்லை. நைரோபி வீட்டில் சாந்தினி தொட்டியில் வைத்திருந்த துளசிச் செடியிலிருந்து நாலு இலை பறித்துத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சாந்தினி டென்ட்டிலிருந்து வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டாள். "நைனா, இங்கயா?"

"ஏன், சனிக்கிழம இங்க வராதா?"

"இவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது நைனா. நம்மகிட்டயே அரிசி கீது. அதுலயே பொங்கிப் படைக்கலாம்."

"நம்ம வூட்டு அரிசில நாமளே பொங்கிக்கறதுக்கு செம்பு எதுக்கு? அது தெனமும் பண்றதுதான். அடுத்த வூட்ல போய் நிக்கணும். கொறஞ்சது மூணு வூடு." ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் தளிகை இல்லை, தளிகை இல்லையென்றால் இவருக்குச் சாப்பாடு இல்லை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிற ஆள்.

சாமுவேல் பல்லைத் துலக்கிவிட்டு வந்தான். ஒருதரம் பார்த்தான். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "மாமா, நான் கூட வரேன். அவங்க பாஷைல எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும் இல்ல?"

"உங்களுக்கு எதுக்கு சார்..."

"சிரமம் இல்ல மாமா," என்று அவனே முடித்துவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்தான்.

மைதானத்தில் எங்களைத் தவிர மூன்று டென்ட்டுகள் இருந்தன. சரியாக மூன்று. பெருமாள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் என்று இவருக்கு ஒரே சந்தோஷம்.

முதல் டென்ட்டில் மொம்பாசாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம். தலையில் துணி சுற்றிய அம்மாள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி நின்று இவர் குரல் கொடுத்தார். "கோவிந்தா! கோபாலா!" மரத்தில் இருந்த பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. அந்த அம்மாள் கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டார். சாமுவேல் அவர்கள் பாஷையில் என்னமோ சொன்னான். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். என்ன கேட்டார் என்று பிறகு சாமுவேலிடம் விசாரித்தேன். "சமச்சி யாருக்குப் போடுவீங்கன்னு கேட்டாங்க அத்த. சாமிக்குப் படச்சிட்டு எல்லாருக்கும் போடுவோம்னு சொன்னேன்." அந்த அம்மாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். போட்டுவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். இவர் குனிந்து கும்பிட்டார்.

இரண்டாவது டென்ட்டில் நைரோபியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு குஜராத்திக் குடும்பம். அங்கே ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வயதான ஒருவர் நாமத்தைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு, மெல்லிசான நீள அரிசியைக் கொண்டுவந்து போட்டார்.

மூன்றாவது டென்ட்டில் ஹாலந்திலிருந்து வந்த வெள்ளைக்காரத் தம்பதி. நல்ல மனுஷர்கள். சாமுவேல் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார்கள். ஆனால் அரிசி இல்லை. மக்ரோனி இருந்தது, ரொட்டி இருந்தது. வெறும் கையோடு அனுப்ப அந்தப் பெண்ணுக்கு மனசு வரவில்லை. ஒரு பிஸ்கெட் பாக்கெட்டைக் கொண்டுவந்து இவர் இடது கையில் திணித்தாள்.

இவர் இரண்டடி எடுத்து வைத்திருக்க மாட்டார். மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய குரங்கு வந்தது. நம் ஊர்க் குரங்கு மாதிரி இல்லை. நாய் முகம், கன்றுக்குட்டி உயரம். நேராக வந்து பிஸ்கெட்டை வாங்கிக்கொண்டது. பிடுங்கியது என்று சொல்ல மனசு வரவில்லை, அத்தனை நிதானம். இவர் செம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "கோவிந்தா! கோவிந்தா! கோவிந்தா!" என்று கத்தினார். அன்றைக்குச் சொன்ன கோவிந்தாவிலேயே அதுதான் மனசார வந்திருக்கும். சாமுவேல் இவருக்கும் குரங்குக்கும் நடுவில் போய் நின்று கையை விரித்துக்கொண்டான். சாந்தினி அலறினாள். துப்பாக்கி வைத்த காவலர் ஓடிவந்து விரட்டினார்.

காவலர் சட்டையில் பீட்டர் என்று பெயர் எழுதியிருந்தது. சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது என்று முதலில் கோபித்தார். விஷயத்தைக் கேட்டதும் இளகிப்போய், "என்னிடம் மக்காச்சோள மாவுதான் இருக்கிறது, அது ஆகுமா?" என்று கேட்டார். ஆகாது என்று சாமுவேல் மரியாதையாகச் சொன்னான். ஏரிக்கு அந்தப் பக்கம் இன்னொரு மைதானம் இருக்கிறது, அங்கேயும் டென்ட்டுகள் உண்டு, காரில்தான் போக வேண்டும், நடக்கக் கூடாது என்று பீட்டர் வழி சொன்னார்.

இவர் செம்புக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றார். இரண்டு பிடி. ஒற்றைப்படை இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நாஷ்டாவும் சாப்பிடாத மனுஷன்.

அப்போதுதான் எனக்கு ஒரு கள்ள எண்ணம் வந்தது. சந்தர்ப்பம் தானாக வந்து வாசலில் நிற்கும்போது விட எனக்கு என்ன பைத்தியமா? சாந்தினியைத் தனியாக இழுத்து, "உன் டென்ட்டுக்குள்ள போய் கை நெறைய அரிசி எடுத்துக்கினு நில்லு. உன் வூட்டுக்காரர பக்கத்துல நிக்க வையி" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்து ஓடினாள்.

இவரிடம் வந்து ஒன்றும் தெரியாதவள் மாதிரி சொன்னேன். "ஏங்க, எதுக்கு அவ்ளோ தூரம் போவணும்? அதோ ஒரு டென்ட்டு கீதே. கல்யாணம் ஆயி தனிக்குடித்தனம் போன பொண்ணு. அது வேற வூடுதான? அங்க போய் நில்லுங்க, மூணு ஆயிடும்."

அங்கே போய் நின்றால், அவள் சாமுவேல் வீட்டுப் பெண் என்று ஒத்துக்கொண்டதாக ஆகும். அவன் வீட்டு அரிசி செம்பில் விழும். மூன்று வருஷத்துப் பிடிவாதம் ஒரு பிடி அரிசியில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

இவர் என்னைப் பார்த்தார். அந்த டென்ட்டைப் பார்த்தார். மெதுவாக நடந்தார். நான் பின்னாலேயே போனேன். டென்ட் வாசலில் சாந்தினி இரண்டு கையிலும் அரிசியை ஏந்திக்கொண்டு நின்றாள். தலைக்குத் துப்பட்டாவை முக்காடு போட்டிருந்தாள். பக்கத்தில் சாமுவேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வீட்டுக்கு உரிய ஆம்பளை நிற்கிற மாதிரி நின்றான்.

இவர் வாசலுக்கு நேராக நின்றார். வாயைத் திறந்தார். கோவிந்தா வரவில்லை. செம்பின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"இங்க வேணாம்."

சாந்தினியின் கையிலிருந்து அரிசி கொஞ்சம் கீழே சிந்தியது. சாமுவேல் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவால்ல மாமா. நான் வண்டிய எடுக்கறேன்" என்றான். அந்தப் பரவாயில்லையைக் கேட்டதும் எனக்குள்ளே மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

"யோவ்! நீயெல்லாம் ஒரு மனுஷனா? மொகம் தெரியாத அம்மா கையால வாங்கின. ஷூவக் கயட்டிட்டுப் போட்டவரு கையால வாங்கின. கொரங்குக்கு பிஸ்கெட் குடுத்துட்டு வந்த. பெத்த பொண்ணு கையால ஒரு பிடி அரிசி வாங்க உனக்கு இன்னா கேடு? உன்னக் காப்பாத்தறதுக்குக் கொரங்குக்குக் குறுக்க வந்து நின்ன புள்ளய்யா அது! பெருமாள் வந்து உங்கிட்ட சாப்பாடு கேட்டாரா? இந்த மனச வச்சிக்கினு இன்னாத்துக்கு நாமம்?"

மைதானம் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. பீட்டர் கூட நின்றுவிட்டார்.

"கத்தாதடி" என்றார் இவர். கோபமாகச் சொல்லவில்லை. எரிச்சலாக, ரேஷன் கடையில் வரிசை தெரியாமல் நிற்கிறவர்களிடம் சொல்கிற மாதிரி சொன்னார். "மொறை தெரியாம பேசாத. நம்ம வூட்ல நாமளே கேக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எது நம்ம வூடு?"

"இதான். இன்னா கேள்வி இது? பொண்ணு கீது, மாப்ள கீறாரு. இது நம்ம வூடு இல்லாம யாரு வூடு?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கத்துவதற்கு எதுவும் இல்லை. நான் போட்ட கணக்கு தப்பு. அந்த வீட்டை வேறு வீடு என்று ஒத்துக்கொள்ள வைக்கப் பார்த்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டிருந்தார். எப்போது போனார்? கயிறு கட்டும்போதா, முருங்கைக்காய் சாப்பிடும்போதா, சற்று முன்னால் அவன் குரங்குக்கு முன்னால் கையை விரித்தபோதா? கேட்டால் சொல்லக்கூடிய ஆள் இல்லை.

சாந்தினி அரிசியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சாமுவேல்தான் பேசினான். மெதுவாக, குத்துகிற எண்ணமே இல்லாமல் கேட்டான்.

"அப்ப எங்க அம்மா வூட்டு வாசல்ல மூணு வருஷமா நிக்காம போனீங்களே மாமா?"

இவர் முகத்தில் வேர்த்துவிட்டது. செம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அது... அதுவும் சம்பந்தி வூடு ஆச்சே. சம்பந்தி வூட்ல போய் அரிசி கேப்பாங்களா? அதான் நிக்கல."

பச்சைப் பொய். இனிமேல் அந்த வீட்டு அரிசி இதில் விழாது என்று இவர் சொன்னதைக் கேட்ட காது என்னுடையது. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை. கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

சாமுவேல் என்ன முட்டாளா? ஒருகணம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். "இத நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க மாமா. அம்மா கேட்டா சந்தோஷப்படுவாங்க."

"இப்பவா?"

"நம்ம ஊர்ல இப்ப மத்தியானம். அம்மா வூட்லதான் இருப்பாங்க."

தடுப்பதற்குள் மணி அடித்து டீச்சரின் முகம் போனில் வந்துவிட்டது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டே, "இன்னாப்பா, சிங்கம் கிங்கம் பாத்தியா?" என்றார். சாமுவேல் போனை இவர் பக்கம் திருப்பினான். நாமத்தைப் பார்த்ததும் டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டார். தெருவில் எதிரெதிரே போகும்போது கூட மூன்று வருஷமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர்.

"வணக்கம்மா" என்றார் இவர். "இது... நான் உங்க வூட்டாண்ட நிக்காம போறது... சம்பந்தி வூடுன்னுதான். மொறை இல்ல பாருங்க. அதான். வேற ஒண்ணும் இல்ல."

டீச்சர் எத்தனையோ பிள்ளைகளின் பொய்யைக் கேட்டவர். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார்.

"அப்படியா சம்பந்தி?" என்றார். "நான் ஒரு பைத்தியக்காரி. வேற இன்னாவோ நெனச்சிக்கினு இருந்தேன். என் தப்புதான், மனசுல வச்சிக்காதீங்க."

இவர் தலையாட்டினார். போனைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார். பாதியில் கை நின்றது. மறுபடியும் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார்.

"இல்லம்மா" என்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். "இல்லம்மா. தப்பு உங்களுது இல்ல. என்னுது. கோவத்துலதான் நிக்கல. மூணு வருஷமும் கோவத்துலதான் நிக்கல."

சாந்தினி எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் அந்தப் பக்கம் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. எனக்கும் தாரை தாரையாக ஊற்றியது. நான் துடைக்கவில்லை.

"சரி, விடுங்க" என்றார் டீச்சர். வகுப்பில் பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டார். "ஜெயமணி எங்க? தளிகை ஆச்சா இல்லியா?"

"இன்னும் ஒரு வூடு பாக்கி கீது டீச்சர்" என்று நான் எட்டிப் பார்த்துச் சொன்னேன்.

"இவ்ளோ நேரமாவா? அவர் மாத்திர போடணும் இல்ல? போன வச்சிட்டு மொதல்ல கெளம்புங்க. டேய் சாமு, வெய்யில்ல நிக்க வைக்காத அவர."

நாலு பேரும் காரில் ஏறினோம். வருகிற வழியெல்லாம் என்னோடு பின் சீட்டில் உட்கார்ந்து வந்தவர் முன் கதவைத் திறந்து ஏறி, செம்பை மடியில் வைத்துக்கொண்டார். "மாப்ள, அந்த எருமைங்க கீற வழியா போவாதீங்க" என்றார். "சரி மாமா" என்றான் அவன். பின் சீட்டில் சாந்தினி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஏரியைச் சுற்றிப் போனோம். அந்தப் பக்கத்து மைதானத்தில் ஒரே ஒரு டென்ட் இருந்தது, பச்சை நிறத்தில். இவர் இறங்கி, வேட்டியைச் சரி செய்து, அதற்கு நேராகப் போய் நின்றார். குரல் கொடுக்க வாயைத் திறந்தார். வரவில்லை. அழுத தொண்டையில் எங்கிருந்து வரும்? மறுபடி முயற்சி செய்தார். காற்றுதான் வந்தது. திரும்பிச் சாமுவேலைப் பார்த்தார்.

சாமுவேல் போய் அவர் பக்கத்தில் நின்றான். வருஷா வருஷம் தன் வீட்டு வாசலில் கேட்டு வளர்ந்ததுதானே, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மாமனார் போலவே கூப்பிட்டான்.

"கோவிந்தா! கோபாலா!"

டென்ட்டின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. இவர் செம்பை இரண்டு கையாலும் நீட்டினார்.